தையல் வெளியே தெரியும் ரவிக்கை

சிவகாசியில் செல்வமணியின் தையல் கடைக் கண்ணாடி முன் பத்திரகாளி நிற்கிறாள். மத்தியான வெயில் தகரக் கூரையின் இடுக்கு வழியே நுழைந்து, பட்டாசு விபத்தில் வெந்து ஆறிய அவள் தோளில் விழுகிறது. அவள் போட்டிருக்கும் புது ரவிக்கையின் தையல் முழுவதும் வெளிப்பக்கம். "ஏ, திருப்பிப் போட்டிருக்கியே" என்று பதறுகிறான் புருஷன் ரத்தினசாமி. "அப்படித்தாண்ணே தச்சிருக்கேன். தழும்புல தையல் உரசக் கூடாதுல்ல" என்று செல்வமணி சிரிக்கிறாள். பெஞ்சில் நர்ஸ் ஸ்வீட்டி உட்கார்ந்திருக்கிறாள். தீக்காயத் தழும்பைப் பராமரிப்பது பற்றி இணையதளம் நடத்துபவள். அதில் வந்த இந்தக் கடையின் விளம்பரத்தைப் பார்த்துத்தான், பத்திரகாளியைப் போலவே அவளும் தேடி வந்திருக்கிறாள். பத்திரகாளி போனை நீட்டுகிறாள். மேலே ஸ்வீட்டி எழுதிய வரிகள், அடியில் இதே ரவிக்கையின் விளம்பரம். "எனக்குன்னே போட்டாப்புல இருந்துச்சு சிஸ்டர்." "நீங்க யாருன்னு விளம்பரம் வைக்கிற கம்ப்யூட்டருக்குத் தெரியாதுக்கா" என்கிறாள் ஸ்வீட்டி. " பக்கத்துல என்ன எழுதியிருக்குன்னு பாத்து, அதுக்குத் தோதான விளம்பரத்த வைக்கும். அந்த வருமானத்துலதான் என் தளமும் நிக்காம ஓடுது." செல்வமணி டீ டம்ளரை ஸ்வீட்டியிடம் கொடுத்துவிட்டு அவள் கையை விடாமல் பிடித்துக்கொள்கிறாள். "ஊரெல்லாம் நோட்டீஸ் குடுத்தேன் சிஸ்டர், ஒருத்தரும் வரல. ஒங்க எழுத்துக்குக் கீழ வந்த பொறவுதான் வேண்டியவுக தேடி வாராக."

பத்திரகாளியின் கொண்டை அவிழ்ந்து சரிகிறது. கையைத் தூக்கினால் தழும்பில் ரவிக்கைத் தையல் உரசி வலிக்கும் என்பதால், விபத்துக்குப் பிறகு தினமும் அதை முடிந்துவிடுவது ரத்தினசாமிதான். வழக்கம்போல் கைகளை நீட்டிக்கொண்டு கிட்டே வருகிறான். அதற்குள் அவளே இரண்டு கைகளையும் மெல்ல உயர்த்தி, முகம் சுளிக்காமல், முடியை அள்ளி முடிகிறாள். நீட்டிய கைகளை எங்கே வைப்பதென்று தெரியாமல் ரத்தினசாமி அவற்றைக் கூப்பிக்கொண்டு, நர்ஸையும் தையல்காரியையும் மாறி மாறிப் பார்க்கிறான்.