அணிலுக்குப் பன்னிரண்டு வயது

"பல்ல வெட்டாதீங்க பத்தரே. தின்ன முடியாம அது பாட்டுக்குப் போய்ச் சேரட்டும்."

பாம்பன் ஸ்டேஷனில் இறங்கியதுமே, வலை இழுக்கும் யாக்கோபு வழிமறித்துச் சொன்னான். வேல்சாமிப் பத்தர் கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டார்.

"வாயில்லாச் சீவன் யாக்கோபு. பாவம்லே."

"அது சீவன்தானான்னுதான் சந்தேகம். அணிலு நாலு வருசம், அஞ்சு வருசம் கெடக்கும். இதுக்குப் பன்னெண்டு. இன்னைக்குச் சாகக் கெடக்கும், நாளைக்குக் குட்டி கணக்காத் துள்ளும். நாலு தடவ பாத்துட்டேன்."

பத்தர் மனசுக்குள் சிரித்துக்கொண்டார். வலைக்காரன் எண்ணிக்கை எப்போதும் இரண்டு கூடத்தான் இருக்கும்.

"வள்ளம் கரைக்கு வார நேரத்துல கடலப் பாத்து உக்காந்துக்கிட்டு ஒரு சத்தம் போடும். எங்க அண்ணன் சீட்டி அடிக்கிறாப்புலயே இருக்கும். அவன் உசுரு கூண்டுக்குள்ள கெடந்து தவிக்குது. விட்டுருங்க பத்தரே."

பத்தர் உச்சி வெயிலில் நடையை எட்டிப் போட்டார்.

யாக்கோபின் அண்ணன் சவேரியார், சுதந்திரம் வந்த மறு வருஷம் கடலுக்குப் போனவர். போகும்போது, கண் திறக்காத அணில் குட்டி ஒன்றைப் பெண்டாட்டி யாகப்பம்மாள் கையில் வைத்து, "இது கண்ண மூடுறதுக்குள்ள வந்துருவேன்" என்று கேலியாகச் சொன்னார். வள்ளமும் திரும்பவில்லை, உடலும் ஒதுங்கவில்லை. ஊர் கூடிப் பேசியது. அணில் இருக்கும்வரை அவள் கழுத்தில் தாலி இருக்கட்டும். அது செத்த அன்று கழற்றிவிட வேண்டும்.

அந்தச் சிலுவைத் தாலியைச் செய்தவர் வேல்சாமிப் பத்தர். தங்கக் கம்பி வெட்டுகிற கத்தரியால் அணிலுக்குப் பல் வெட்ட ரயிலேறுகிறார் என்று அவர் ஊரான உச்சிப்புளியில் சிரிக்காதவர்கள் இல்லை. "தங்கம்தான் வர மாட்டேங்குது, அணிலாவது வருதே" என்று பத்தரும் சேர்ந்து சிரித்துக்கொள்வார்.

யாகப்பம்மாள் வீடு கடலைப் பார்த்த ஓலை வீடு. காற்று மணலை அள்ளிக் கதவில் எறிந்துகொண்டே இருந்தது.

"வாங்க பத்தரே. பையக் கீழ வைக்காதீங்க, பூனை திரியுது."

"சரி தாயி. எப்படி இருக்கு?"

அவள் கம்பிக் கூண்டைக் காட்டினாள். மூன்று மாதத்தில் கீழ்ப்பற்கள் மூக்கைத் தாண்டி வளைந்திருந்தன. மேல்பற்கள் உள்ளே சுருண்டு அண்ணத்தைத் தொட்டன. வாலில் பாதி மயிர் இல்லை.

"கடலையப் பால்விட்டு அரைச்சு விரல்ல தடவிக் குடுக்கேன். நக்கவும் ஏலல. அவுக வந்து கேட்டா நான் என்ன பதில் சொல்ல?"

"வரட்டும், நான் சொல்லிக்கிறேன்."

"ரத்தம் பாத்தா எனக்குத் தலை சுத்தும். நான் கடுங்காப்பி போட்டு வாரேன்."

எப்போதும் சொல்வதுதான். எப்போதும் போலக் கதவையும் சாத்திக்கொண்டு போனாள்.

பத்தர் அணிலைத் துண்டில் பொதிந்து எடுத்தார். பஞ்சு கூடக் கொஞ்சம் கனக்கும். ஒரு பல்லை வெட்டினார். 'டிக்'கென்று ஒரு சத்தம். இரண்டாவது பல்லுக்குக் கத்தரியை வைக்கும்போது, அது கடல் பக்கம் கழுத்தைத் திருப்பிற்று. அப்புறம் அசையவில்லை.

அவர் நெஞ்சில் சிலுவை போடப் போய், தான் அந்த வேதமில்லை என்று நினைவு வந்து, கையை இறக்கிக்கொண்டார்.

பிறகு கைப்பையைத் திறந்தார்.

உள்ளே ஒரு அணில் துறுதுறுவென்று விழித்தது. அவர் வீட்டுப் புளியமரத்தில் பிடித்தது. இடது காதில், சவேரியாரின் அணிலுக்கு இருந்தது போலவே ஒரு வெட்டு. அது நேற்று அவரே போட்டது. அதைக் கூண்டில் விட்டார். செத்ததை, நகை மடிக்கும் ரோஸ் காகிதத்தில் சுருட்டிப் பையில் வைத்தார்.

இது மூன்றாவது தடவை. முதல் இரண்டும் பழைய கதை. கடைசியாக மாற்றியது ஏழு வருஷம் தாங்கிவிட்டது. நடுவில் அது இரண்டு தரம் திடீரென்று தேறியபோது, எல்லாம் தன் கைராசி என்று மெச்சிக்கொண்டவர் அவர்.

புது அணில் கூண்டை ஒரு சுற்றுச் சுற்றியது. பிறகு கடலைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்துகொண்டது.

அதுதான் அவருக்குப் புரியாத ஒன்று. முந்தியவையும் இப்படித்தான் உட்கார்ந்தன. யார் சொல்லிக் கொடுத்தார்கள்?

அரைமணி கழித்து யாகப்பம்மாள் காப்பியோடு வந்தாள். டம்ளரைப் பிடித்த விரல்களில் ஈரமணல் ஒட்டியிருந்தது.

"அடுப்புச் சீக்கிரம் பத்தல பத்தரே."

கூண்டைக் குனிந்து பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

"பல்லு இப்ப அளவா இருக்கு."

"ஆமா தாயி. இனித் தேறிரும்."

தாலியைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "நீங்க நல்லா இருக்கணும். பையப் பதனமாக் கொண்டு போங்க."

வீட்டுக்குப் பின்னால், ஸ்டேஷனுக்குப் போகும் வழியில் ஒரு தாழம்புதர். அதன் மறைவில்தான் முன்பு இரண்டையும் புதைத்து, அடையாளத்துக்குக் குழிக்கொரு வெள்ளைச் சிப்பி குத்தி வைத்திருந்தார். ஏழு வருஷமாகப் புதருக்குள் எட்டிப் பார்க்கவில்லை.

ஓலையை விலக்கினார். சிப்பிகள் வரிசையாக நின்றன.

இரண்டு அல்ல, நாலு.

நாலாவதை அடுத்து ஒரு சாண் நீளத்துக்கு, அப்போதுதான் தோண்டிய ஈரம் காயாமல், ஒரு குழி தயாராக இருந்தது. அதன் விளிம்பில் ஐந்தாவது சிப்பி வைக்கப்பட்டிருந்தது.