மாஸ்டர் மகள் தவறவிட்ட ரயில்

கூண்டில் ஏற்றப்பட்ட குற்றவாளி மாதிரி, அந்தச் சுவர்க் கடிகாரத்தின் எதிரே வேர்த்து விறுவிறுத்து நின்றார் பெரியவர். அவர் மனைவியோ கைக்குட்டையால் விசிறிக்கொண்டு சாவகாசமாக வேடிக்கை பார்த்தாள்.

அந்த வட்டாரத்தின் முதல் ரயில் நிலையம் அது. புதுப் பாதை வேறு பக்கம் போனபின் புல் மண்டிக் கிடந்ததை, இப்போது வெள்ளையடித்துக் காட்சிக்கு வைத்திருந்தார்கள். பெரியவர் அங்கே டிக்கெட் கொடுத்தவர், அம்மாள் கடைசி ஸ்டேஷன் மாஸ்டரின் மகள் என்பதெல்லாம் சுற்றிக் காட்டிய வழிகாட்டிக்குத் தெரியாது.

அவன் மாஸ்டரின் புகழைப் பாடிக்கொண்டிருந்தான். காலையில் தந்தியில் சரியான நேரம் வந்ததும் ஸ்டேஷன் கடிகாரம், வீட்டுக் கடிகாரம் எல்லாவற்றையும் திருத்திவிட்டுத்தான் மனுஷர் பல்லே தேய்ப்பாராம். பெற்ற மகளுக்காகக்கூட வண்டியை நிறுத்தி வைக்காதவராம்.

"வெளியூர்ல மாப்பிள்ளை வீட்டுல நிச்சயத்துக்கு எல்லாரும் காத்திருக்காங்க. பொண்ணு பிளாட்பாரத்துக்கு வர்றப்போ வண்டி நகர ஆரம்பிச்சிருச்சு. மாஸ்டர் பச்சைக் கொடியை இறக்கவே இல்லை."

அன்றைக்கு அந்த ஒரே வண்டிதான். பெண் வராத கோபத்தில் பெரிய இடத்துச் சம்பந்தம் முறிந்துபோனது. அதனால்தான் டிக்கெட் கிளார்க்குக்கு அவள் வாய்த்தாள்.

கூட்டத்தில் ஒருத்தி, பாவம் அந்தப் பெண்ணின் வாழ்க்கையே போச்சே என்று உச்சுக்கொட்டினாள். மாஸ்டர் மகளும் கூடச் சேர்ந்து உச்சுக்கொட்டினாள்.

பெரியவரால் அதற்குமேல் தாங்க முடியவில்லை. மனைவியை டிக்கெட் ஜன்னல் பக்கம் தள்ளிக்கொண்டு போனார். உண்மையைச் சொன்னால் இந்த வயதில் முகத்தைத் திருப்பிக்கொண்டு விடுவாளோ என்று பயந்தபடியே வாயைத் திறந்தார்.

"உங்கப்பா மேல தப்பில்லை. முந்தின நாள் சாயங்காலம் பார்சல் கொடுக்க வந்தப்போ, உங்க வீட்டுக் கடிகாரத்தை நான்தான் பத்து நிமிஷம் பின்னால தள்ளி வச்சேன். உன்னை அனுப்ப மனசு வரலை."

அவள் நிதானமாக அவர் சட்டைக் காலரைச் சரி செய்தாள்.

"இதையா இத்தனை வருஷமா மனசுல வச்சுப் புழுங்குனீங்க? அதை அப்பா காலையிலேயே திருத்திட்டாரே."

பெரியவர் திருதிருவென விழித்தார். "அப்புறம் எப்படி வண்டியை விட்டே?"

"நான்தான் மெதுவா நடந்தேன்."