வேலியோர மரத்தில் ஒரு கிலுகிலுப்பை

"இது வேணாம் சம்பந்தி. எங்க வீட்டுப் பிள்ளை கட்டையைச் சப்பித்தான் வளரணும்னு இல்ல."

மாமியார் அற்புதமேரி இப்படிச் சொன்னதும், பந்தியில் இருந்தவர்கள் கறிச்சோற்றை மறந்து நிமிர்ந்து பார்த்தார்கள். ஷர்லிக்கு மானமே போய்விட்டது.

ஆவூரில் அவள் பிள்ளைக்கு அன்று ஞானஸ்நான விருந்து. அவளுடைய அப்பா இன்னாசி, தாய்வீட்டுச் சீரோடு தன் கையாலேயே செதுக்கிய மரக் கிலுகிலுப்பை ஒன்றையும் கொண்டுவந்திருந்தார்.

"தோட்டத்து வேலியில பட்டுப்போயி நின்ன வெட்பாலை மரமுங்க. எலை ஒண்ணு இல்ல, பட்டையைப் பாத்தே கண்டுபுடிச்சேன். தேறினது இந்த ஒரு துண்டுதான்" என்று பெருமையாகத்தான் நீட்டினார்.

அற்புதமேரி அதை வாங்கி உருட்டிப் பார்த்தாள். அடுப்படிக்குக் கொண்டுபோனாள். திரும்பி வந்தவள் முகத்தைச் சுளித்துக்கொண்டு சொன்னதுதான் அந்த வார்த்தை.

"வழவழன்னு இழைச்சிருக்கேங்க. வாயில வெச்சாலும் பிள்ளைக்குக் குத்தாது" என்றார் இன்னாசி, குரல் இறங்கி.

"கடையில கலர் கலரா விக்கிது. வாங்கிக்கிறோம்."

அவர் சாப்பிட்டதாகப் பேர் பண்ணிவிட்டு, "நீ ஒண்ணும் கேட்டுக்காத ஆத்தா, வாழப்போன வீடு" என்று மகளிடம் சொல்லி, மதிய பஸ்ஸுக்கே கிளம்பிவிட்டார்.

பெண்ணைக் கொடுத்தவன் என்றால் இளக்காரம்தானே. "மேரிக்கு ராங்கி தலைக்கேறிப்போச்சு" என்று வந்த சனமும் முணுமுணுத்துவிட்டுத்தான் போனது.

சாயங்காலம் ஷர்லி கேட்டே தீருவது என்று கொல்லைப்பக்கம் போனாள். மாமியார் மண்வெட்டியால் குழி வெட்டிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் கிலுகிலுப்பை.

"புதைக்கிற அளவுக்கு எங்கப்பா என்ன அத்தை தப்பு செஞ்சாரு?"

அற்புதமேரி அதை எடுத்து அவள் கையில் வைத்தாள்.

"வெட்பாலை இந்தக் கனம் கனக்குமா? நான் அன்னவாசல்ல எங்கப்பா மரவாடியில வளந்தவ. கைப்பிடி அடியில துளி பட்டை ஒட்டியிருந்துச்சு. சுரண்டி நாக்கு நுனியில வெச்சேன். எத்தனை தடவ கொப்புளிச்சும் கசப்பு இன்னும் போகல."

"அப்ப இது என்ன மரம்?"

"எட்டி, தாயி. எலை கொட்டி, பட்டுப்போயி நின்னா ஆளை ஏமாத்திப்புடும். பட்டை, வித்து அம்புட்டும் விஷம்."

பல் முளைக்கிற பிள்ளை. எது கிடைத்தாலும் முதலில் வாய்க்குத்தான் போகும். ஷர்லி மாமியாரின் மண் கையை அப்படியே பிடித்துக்கொண்டாள்.

"நீங்க நல்லா இருக்கணும் அத்தை. எம்பிள்ளையைக் காப்பாத்திட்டீங்க." அழுகை முட்டிக்கொண்டு வந்தது. "ஆனா இதை அங்கேயே சொல்லியிருக்கலாமே. இப்ப ஊரே உங்களைத் தூத்துது."

அற்புதமேரி கிலுகிலுப்பையைக் குழியில் போட்டு மண்ணைத் தள்ளினாள்.

"சொல்லியிருந்தா, பேரனுக்கு நம்ம கையாலயே விஷத்தைச் செதுக்கிக் கொண்டாந்தோமேன்னு அந்த மனுசன் ஒருநாளாவது தூங்குவாரா? என்னையத் திட்டிக்கிட்டாவது நிம்மதியாத் தூங்கட்டும்."