ஈஸ்டர் வரைக்கும் பிரிக்கக் கூடாது

மிஸ் ரெடிங் ஓரவஞ்சனை பண்ணுகிறாள் என்று எங்கள் சுரங்கத் தெரு முழுக்கப் பேச்சு.

அவள் பள்ளிக்கூட நர்ஸ். வெள்ளிக்கிழமையானால் வந்து தலை, காது, நகம் எல்லாம் பார்ப்பாள். அழுக்கிருந்தால் வீட்டுக்கு விரட்டிவிடுவாள். பெட்ராக் வீட்டுப் பையனை நகக்கண்ணில் கரி என்று அனுப்பினாள். நிலக்கரி ஊரில் நகக்கண்ணில் பாலா இருக்கும்?

ஆனால் என் தங்கை சூஸ்காவை மட்டும் அனுப்பவே மாட்டாள்.

ஊருக்கு எரிச்சல் வந்ததில் நியாயம் உண்டு. பனி விழ ஆரம்பித்ததும் இங்கே அம்மாக்கள் பிள்ளை நெஞ்சில் வாத்துக் கொழுப்பைத் தேய்த்து, கம்பளி உள்சட்டை மாட்டி, கழற்ற முடியாதபடி உடம்போடு தைத்துவிடுவார்கள். நர்ஸ் மிரட்டியதில் மற்ற வீடுகளில் பிரித்துவிட்டார்கள். எங்கம்மா மட்டும் மாட்டேன் என்றுவிட்டாள்.

போன குளிர்காலத்தில் முந்தின நர்ஸ் பேச்சைக் கேட்டு, தம்பி யூர்கோவின் தையலைப் பிரித்துக் குளிப்பாட்டினாள். அந்த வாரமே அவன் நிமோனியாவில் போய்விட்டான்.

அதனால் மாதா படத்துக்கு முன்னால் சத்தியம் பண்ணியிருந்தாள்.

"ஈஸ்டருக்கு முன்னாடி இந்தத் தையல்ல எவளாவது கை வச்சான்னு எனக்குத் தெரிஞ்சுது, சூஸ்காவுக்குப் பள்ளிக்கூடம் கிடையாது. அக்கா கூட பட்டு மில்லுக்குப் போக வேண்டியதுதான்."

அந்த அக்கா நான்தான். நின்று நின்று வீங்கின என் காலை யாராவது பார்த்தால் எதிரி வீட்டுப் பெண்ணைக்கூட அங்கே அனுப்ப மாட்டார்கள்.

பெட்ராக் அம்மா கோயில் வாசலில் வைத்தே கேட்டாள். "நர்சுக்கு என்ன கொடுத்தே வெரோனா? ஒரு வாத்தா, ரெண்டு வாத்தா?"

எங்கம்மா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு கோயிலுக்குள் போய்விட்டாள்.

ஒரு வெள்ளிக்கிழமை மில்லில் மெஷின் படுத்துவிட்டது. சீக்கிரம் விட்டார்கள். சூஸ்காவைக் கூட்டிப்போகலாம் என்று பள்ளிக்கூடம் போனேன். எல்லாப் பிள்ளைகளும் போயாச்சு. நிலவறையில் மட்டும் பேச்சுச் சத்தம்.

இறங்கிப் பார்த்தால், கொதிகலன் பக்கத்தில் தண்ணீர்த் தொட்டி. தலை ஈரமாக சூஸ்கா. மிஸ் ரெடிங் மண்டி போட்டு, அவள் உள்சட்டையைத் திரும்பத் தைத்துக்கொண்டிருந்தாள். கறுப்பு நூல். எங்கம்மா போடுகிற அதே தையல்.

வாரா வாரம் இதுதான் நடக்கிறதாம். கொதிகலன் சூட்டில் குளிர் படாதாம். தலை காய்ந்த பிறகுதான் வெளியே விடுவாளாம்.

"அம்மாகிட்ட சொல்லிடுவியா?" என்று மிஸ் ரெடிங் பயந்துபோய்க் கேட்டாள்.

"எனக்கென்ன பைத்தியமா மிஸ்? எங்க வீட்டுலேருந்து மில்லுக்கு நான் ஒருத்தி போதும்."

நூல்கண்டு எங்கள் வீட்டுது. திருடினாயா என்று சூஸ்காவை முறைத்தேன். சாப்பாட்டு டப்பாவில் தானாக இருந்தது என்றாள். புளுகு என்று நினைத்துக்கொண்டேன்.

ஈஸ்டருக்கு முதல் நாள் அம்மா கத்தரியை எடுத்தாள். ஒவ்வொரு தையலாகப் பிரித்தாள். உள்ளே சூஸ்கா உரித்த முட்டை மாதிரி இருந்தாள்.

"பரவாயில்லையேம்மா, அழுக்கே பிடிக்கலை" என்று எதையோ உளறினேன்.

"வெள்ளிக்கிழமையானா கொழுப்பு நாத்தம் போய் சோப்பு வாசனையோட தூங்குறா. பெத்தவளுக்கு மூக்கு இல்லையாடி?"

"அப்போ... சத்தியம்?"

அம்மா மாதா படத்தை ஒரு தடவை பார்த்தாள். பிறகு குனிந்து அடுத்த தையலைப் பிரித்தாள்.

"எனக்குத் தெரிஞ்சாத்தானேடி சத்தியம்? கண்ணுக்குத் தெரிஞ்சுடக் கூடாதுன்னுதான், அதே கறுப்பு நூலை டப்பாவுல போட்டு அனுப்பினேன்."