எடுத்துக்கொடுத்த சொல்

"உடல்நலத்திலும்..." என்பதோடு அவளுக்கு வாய் நின்றுவிட்டது. மறுபடியும் அதே இடம்.

"நோயிலும்," என்று மாப்பிள்ளை மெல்ல எடுத்துக்கொடுத்தான்.

நாளைக்குக் கல்யாணம். பூசையில் படிக்கும் பைபிள் வாசகங்களை அவன் தேர்ந்தெடுத்திருந்தான், பாட்டுகளை அவள். மணமக்கள் சொல்லும் வாக்குறுதியை மட்டும் தாளைப் பார்த்துப் படிக்காமல் மனப்பாடமாகச் சொல்ல வேண்டும் என்பது அவன் ஆசை. இந்த ஒரு வாரமாக எங்கே பார்த்தாலும் 'இன்னொரு தடவை சொல்லேன்' என்பான். அவளும் சொல்வாள், அதே இடத்தில் தடுக்கி விழுவாள்.

பங்குத்தந்தைக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "பாட்டுன்னா தொண்டை கிழியப் பாடுற பொண்ணு, இதுக்கு மட்டும் திருதிருன்னு முழிக்குதே!"

ஒத்திகை முடிந்ததும் இருவரையும் தன்னிடம் பாவங்களை ஒப்புக்கொண்டு பாவசங்கீர்த்தனம் செய்துவிடச் சொல்லி, அவர் மூலையிலிருந்த கூண்டுக்குள் போய் உட்கார்ந்தார். மறதிக்குப் பேர்போன மனிதர். மாப்பிள்ளை முதலில் போய் முழந்தாளிட்டான்.

பீடத்தை ஒட்டிய அறையில்தான் ஒலிபெருக்கிப் பெட்டி இருந்தது. அதை அணைப்பது பாடகர் குழுவில் அவள் வேலை. கோயிலின் பெரிய ஸ்பீக்கர்களை முதலில் அணைத்தாள். சரிபார்ப்பதற்காக அறைக்குள் வைத்திருந்த குட்டி ஸ்பீக்கர்தான் மிச்சம். அதன் சுவிட்சில் விரலை வைத்தபோது, அதிலிருந்து அவன் குரல் வந்தது.

சாமியார் காலர் மைக்கைக் கழற்ற மறந்திருக்கிறார்.

அணைத்திருக்க வேண்டும். அடுத்தவர் பாவசங்கீர்த்தனத்தைக் கேட்பது எவ்வளவு பெரிய பாவம் என்று சின்ன வயதிலிருந்தே அவளுக்குத் தெரியும். ஆனாலும் காதைக் கிட்டே கொண்டுபோனாள்.

"அவளோட முதல் நிச்சயம் எதுக்கு நின்னுச்சுன்னு எனக்குத் தெரியும் சாமி. அவளா சொல்றாளான்னு பாக்கத்தான் இந்த வாக்குறுதியத் திரும்பத் திரும்பச் சொல்ல வைக்கிறேன். அந்த எடத்துல அவ திணறுறப்போ எனக்கு உள்ளுக்குள்ள ஒரு சந்தோஷம். அதான் என் பாவம்."

அவளுக்கு உடம்பெல்லாம் கூசியது. முதலில் நிச்சயித்த மாப்பிள்ளை வேறொருத்தியோடு போய்விட்டான் என்றல்லவா இவனிடம் சொல்லிவைத்திருந்தாள்? பாவம் என்று இவனும் அவளைத் தேற்றினானே! தேற்றிய நாளிலேயே தெரிந்திருக்குமோ?

சுவிட்சிலிருந்து விரலை எடுத்துக்கொண்டாள்.

அவன் எழுந்து வந்தபோது அவளால் அவன் முகத்தை நேரே பார்க்க முடியவில்லை. வெட்கம் பிடுங்கித் தின்றது.

"இந்த ரூம்லயே கொஞ்சம் உக்காந்திருங்க. பெட்டிய யாரும் தொடாமப் பாத்துக்குங்க."

அவன் தலையாட்டிவிட்டு உள்ளே போய் உட்கார்ந்தான்.

அவள் கூண்டருகே முழந்தாளிட்டாள். கம்பிவலைக்கு அந்தப்பக்கம், சாமியாரின் காலரில் பச்சைப் பொட்டாக விளக்கு எரிந்துகொண்டிருந்தது. இனி பேசினால், அவன் பேசியதை அவள் கேட்டதும் சேர்ந்தே அவனுக்கு வெளிப்பட்டுவிடும். நாளைக்குக் கல்யாணம் இருக்குமோ இருக்காதோ.

அந்தப் பச்சைப் பொட்டுக்கு நேராக வாயைக் கொண்டுபோனாள்.

"விபத்துல மொத மாப்பிள்ளைக்குக் கண்ணு போயிருச்சுன்னு தெரிஞ்ச அன்னிக்கே மோதிரத்தத் திருப்பிக் குடுத்தவ நான்தான் சாமி."