ஒற்றை நட்சத்திரம்

“இது பகல் கொள்ளை!”

கெரார்தோ தலைக்கவசத்தை மேசைமேல் வைத்த வேகத்தில் பேனா டப்பா கவிழ்ந்தது. வாடகை ஸ்கூட்டர் கடைக்காரி ஒர்னெல்லா குனிந்து ஒவ்வொரு பேனாவாகப் பொறுக்கினாள்.

“என்ன ஆச்சு ஐயா?”

“என்ன ஆச்சா? காலையில என்ன சொன்னீங்க? முழு சார்ஜ், நூறு கிலோமீட்டர் தாங்கும், கூட ஆள் வேண்டாம், வரைபடத்தைப் பார்த்து நீங்களே நாலு ஒயின் நிலவறையையும் சுத்திட்டு வாங்கன்னு சொன்னீங்களா இல்லையா?”

“சொன்னேன் ஐயா.”

“ரெண்டாவது நிலவறையிலேயே உசிரை விட்டுடுச்சு உங்க மின்சார ஸ்கூட்டர்! பத்து கிலோமீட்டர்கூட ஓடல. அந்தப் பெரியவர் எவாசியோ வயரைச் சொருகிட்டு, ‘மூணு மணி நேரம் ஆகும், உட்காருங்க’ங்கிறார். மூணு மணி நேரம்!”

லூதோவிக்கா கணவனின் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

“போதும் விடு கெரார்தோ. தெரு முழுக்கக் கேக்குது.”

“கேக்கட்டுமே! போன வருஷம் என் ஆபீஸ் நண்பனுக்கும் இதே கதைதான். அவன் வாயில்லாப் பூச்சி, பேசாம வந்துட்டான். நான் டூரின்ல பன்னிரண்டு வருஷமா சாலைப் பாதுகாப்புச் சங்கத் தலைவன். என் கண்ணுல மண்ணைத் தூவ முடியுமா?”

லூதோவிக்கா தரையைப் பார்த்தாள்.

தலைவர் கெரார்தோ காலையில் முதல் நிலவறையில் ஐந்து கோப்பை ஒயின் ருசி பார்த்தார். மேசைமேல் ஒரு பானை இருந்தது. ஒயினை வாயில் சுழற்றி ருசி பார்த்துவிட்டு அதில் துப்பிவிடுவதுதான் வழக்கம். “இந்த பார்பெரா ஒயினைத் துப்புறவன் மனுஷனா?” என்று கேட்டுவிட்டு ஐந்தையும் விழுங்கினார். பரிமாறிய பெண் சிரித்தபடியே பானையை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

எவாசியோவிடம் இன்னும் நாலு. வெளியே வந்தால் வண்டி அசையவில்லை.

பெரியவர் நூடுல்ஸ் கொண்டுவந்தார். ஜாடி ஜாடியாகத் தண்ணீர் கொண்டுவந்தார். தலைவர் அத்தி மரத்தடியில் விட்ட குறட்டையில், அங்கே முதலில் படுத்திருந்த நாய் எழுந்து வேறு இடம் தேடிப் போனது.

“எல்லாரும் கூட்டு!” என்றான் கெரார்தோ. “இவங்க பேட்டரியை அரைகுறையா ஏத்தி அனுப்புவாங்க. வண்டி பெரியவர் வாசல்ல போய் நிக்கும். அவர் சாப்பாட்டை விப்பார்.”

“அவர் சாப்பாட்டுக்குக் காசே வாங்கல” என்றாள் லூதோவிக்கா.

“அதுதான் தந்திரமே!”

ஒர்னெல்லா கைகளைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

“தப்பு என்மேலதான் ஐயா, மன்னிச்சிடுங்க. இணையத்துல மட்டும் எதுவும் எழுதிடாதீங்க. இந்த வருஷம் ஏற்கெனவே ஒன்பது பேர் ஒத்தை நட்சத்திரம் போட்டிருக்காங்க. இன்னொண்ணு வந்தா, மேட்டு மேல இருக்கற ஹோட்டல்காரங்க எங்கிட்ட ஆள் அனுப்புறதை நிறுத்திடுவாங்க. அவங்களை நம்பித்தான் கடையே ஓடுது.”

“ஒன்பது பேரா? அப்போ நான் பத்தாவது!”

கெரார்தோ போனை எடுத்தான். ஒற்றை விரலால் தட்டித் தட்டி எழுதி, சத்தமாகவே படித்தான்.

“‘ஏமாற்றுக் கடை. அரைகுறை பேட்டரி. பயணிகளே, உஷார்!’ போட்டாச்சு. பொறுப்புள்ள குடிமகன்னா இப்படித்தான் இருக்கணும். வா லூதோவிக்கா, ரயிலுக்கு நேரமாச்சு.”

விடுவிடுவென்று வெளியே நடந்தான்.

லூதோவிக்கா போகவில்லை. அவளுக்கும் கேட்க ஒன்று இருந்தது.

“எவாசியோ வீட்டுல நான் ஒண்ணு பார்த்தேன். வயரோட ஒரு முனை வண்டியில இருந்துச்சு. இன்னொரு முனை பீப்பாய்க்குப் பின்னால சும்மா தொங்கிட்டிருந்துச்சு. சுவர்ல சொருகவே இல்ல. ஆனா மூணு மணி நேரம் கழிச்சு வண்டி ஜம்முனு கிளம்புது. என் வீட்டுக்காரர்கிட்ட சொல்லியிருந்தா போலீஸையே கூப்பிட்டிருப்பார். நீங்களாவது உண்மையைச் சொல்லுங்க. பேட்டரி தீரவே இல்லதானே?”

ஒர்னெல்லா வாசலை எட்டிப் பார்த்தாள். கதவைச் சாத்தினாள்.

“தீரல அம்மா. முக்கால்வாசிக்கு மேலயே இருந்துச்சு. இங்கேருந்தே கணினி வழியா நான்தான் வண்டியைப் பூட்டினேன்.”

“எதுக்கு?”

“முதல் நிலவறையிலேருந்து போன் வந்துச்சு. ‘பானை காய்ஞ்சு கிடக்கு, பின்னால ஒரு அம்மா உட்கார்ந்திருக்காங்க’ன்னு. ஓடுற வண்டியைப் பூட்டக் கூடாது. எவாசியோ வாசல்ல நின்னதும் பூட்டிட்டேன். மூணாவது நிலவறைக்குப் போற இறக்கத்துல பதினோரு வளைவு இருக்கு அம்மா.”

லூதோவிக்கா கடைக்குத் திரும்பும் வழியில் அந்த வளைவுகளை மேலிருந்து பார்த்திருந்தாள். கீழே எங்கோ பள்ளத்தில் திராட்சைக் கொடிகள்.

“இதை அவர் முகத்துக்கு நேரா சொல்லியிருக்கலாமே? எதுக்கு இவ்வளவு திட்டு வாங்கினீங்க?”

“சொல்லலாம்தான். சொல்லிட்டா, அடுத்த வாரமே எல்லா மகராசனும் துப்பின மாதிரி பானையில தண்ணியை ஊத்திவெச்சுட்டுக் கிளம்பிடுவாங்களே!”

“அதுக்காக? உங்க கடை?”

வெளியே கெரார்தோ கதவைத் தட்டினான். ஒர்னெல்லா தாழ்ப்பாளில் கை வைத்தபடி சிரித்தாள்.

“ஒத்தை நட்சத்திரம் போடுறதுக்காவது, ஆள் உசிரோட இருக்கணும் இல்லையா அம்மா?”