பக்கத்துக் கம்பி

"இப்போ எவனுக்குப் பொறுமை இருக்கு? எல்லாவனுக்கும் வேகம் வேணும்" என்று டெலிபோன் கம்பத்தை மறித்து நின்றார் வெயிலுமுத்து.

"தள்ளுங்க அண்ணாச்சி" என்றான் லைன்மேன் இசக்கிபாண்டி. "உங்க லைனும் எதிர்த்தெரு லைனும் ஒரே கேபிள்ல உரசிப் போகுது. அதனாலதான் அவிய வீட்டு பிராட்பேண்ட் நகர மாட்டேங்குது. உங்க போன்லயும் அவிய பேச்சு கேக்குமே?"

"கேட்டா என்ன? நான் புகார் குடுத்தனா?"

"ஒட்டுக்கேக்க அவ்வளவு ஆசையா?"

கிழவர் விலகினார். அவன் கம்பியை மாற்றி, சோதனை போனை அவர் காதில் வைத்தான்.

"இப்போ சுத்தமா இருக்கா?"

வெறும் டயல்டோன் மட்டும் கேட்டது. அவர் நெடுநேரம் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை.

"எதிர்த்தெரு பாண்டிச்செல்வி எம்மவதாம்லே. தீப்பெட்டி ஆபீஸ்ல பழகினவனைக் கட்டினதுக்குத் தலைமுழுகி ஆறு வருசமாச்சு. எம்பேரன் துபாய்ல இருக்க அப்பன்கிட்டப் பேசுதது இதுலதான் கேக்கும். அந்தத் தெருப் பக்கமே திரும்பாததுல அந்தப் பய மூஞ்சியைக்கூட நான் பாத்ததில்ல."

இசக்கிபாண்டி சோதனை போனை மெல்ல வாங்கிக்கொண்டான். "நாலு எட்டு வச்சா அவிய வீடுதானே, அண்ணாச்சி. போய்ப் பாருங்களேன்."

"என் வாசல மிதிக்காதன்னு சொன்னவன், அவ வாசல எப்படிலே மிதிப்பேன்? நல்லா இருந்ததக் கெடுத்துட்டு, சரி பண்ணிட்டேன்னு சொல்லுதியே."

எதிர்த்தெருவுக்கு முதுகைக் காட்டி நடந்தார்.